தரைவிரிப்பு: குறை இல்லை

இதையெல்லாம் நான் சரியாகத்தான் நினைவு வைத்திருக்கிறேனா என்பதில் எனக்கே சந்தேகம் உண்டு. கண்ணாடிக்காரர் சொன்னபோது கறை சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு இருந்தது. அவர் மனைவி சொன்னபோது அது ஒரு சாஸர் அளவுக்குச் சுருங்கியிருந்தது. இருவருமே பொய் சொல்கிறவர்கள் இல்லை. ஆகவே இரண்டுக்கும் நடுவே ஓர் அளவை நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். கிழமையும் அப்படித்தான். புதன் என்று வைத்துக்கொள்வோம்.

புதன்கிழமை காலை ஏழு மணிக்குக் கண்ணாடிக்காரர் காரின் இடப்பக்கக் கதவைத் திறந்து வைத்து, வெளியே முழங்காலிட்டு, ரப்பர் மேட்டைக் கையில் தூக்கிப் பிடித்தபடி அசையாமல் இருந்தார்.

பல் தேய்த்துக்கொண்டே வாசலுக்கு வந்த மனைவி பார்த்தார்.

"என்னங்க, காருக்குக் கும்பிடு போடறீங்களா?"

"இங்க வந்து பாரு."

மேட்டுக்கு அடியில், விரிப்பின் நடுவில், பழுப்பு நிறத்தில் ஒரு கறை படர்ந்திருந்தது. ஓரங்கள் கடற்கரை மாதிரி வளைந்து வளைந்து போயிருந்தன.

"என்ன இது?"

"டீ. நேத்து ஸ்கூல்லேருந்து வரும்போது பிளாஸ்க் மூடியைச் சரியா மூடல. வேகத்தடையில கவுந்துடுச்சு. மேட் மேல இருந்ததைத் துடைச்சுட்டேன். அடியில போயிருக்கும்னு நினைக்கல."

"எவ்வளவு டீ?"

"ரெண்டு டம்ளர் இருக்கும்."

"ரெண்டு டம்ளருக்கா இவ்வளவு?"

மனைவிக்கு இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. நாலு சொட்டை வைத்துக்கொண்டு ஒருவருடைய உடம்பு முழுவதையும் சொல்கிறவர். அளவுகளில் அவருக்கு நம்பிக்கை உண்டு.

"ராத்திரி பூரா ஊறியிருக்கும்ல" என்றார் கண்ணாடிக்காரர். அவருக்குக் கண்ணால் பார்ப்பதில்தான் நம்பிக்கை. தொழிலே அதுதான். கடைத்தெருவில் சிறிய மூக்குக்கண்ணாடிக் கடை. வாரத்தில் மூன்று நாள் பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பிள்ளைகளின் பார்வையைச் சோதித்து வருவார்.

கார் அவருடையதாக இருந்திருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும். ரப்பர் மேட்டைத் திரும்பப் போட்டு மூடியிருப்பார். ஆனால் கார் மாமனாருடையது.

மாமனார் எடை அளவுத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்து நான்கு வருடம் கடை கடையாகப் போய்த் தராசுகள் பொய் சொல்கின்றனவா என்று பார்த்தவர். வீட்டிலும் அந்த வேலையை விடவில்லை. சர்க்கரை டப்பா குறைந்தால், கடிகாரம் பிந்தினால், குழாய் ஒழுகினால், உடனே விசாரணை நடக்கும். விசாரணையின் முடிவில் அவர் மட்டும் எப்போதும் குற்றமற்றவராக இருப்பார். அவர் தப்புச் செய்து யாரும் பார்த்ததில்லை என்பது அந்தக் குடும்பத்தில் எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். அதிகமாக ஒப்புக்கொண்டவர் அவரேதான்.

ஆறு வாரத்துக்கு முன்பு முழங்கால் சிகிச்சைக்காக மூத்த மகள் வீட்டுக்குப் புறப்பட்டபோது, இருபத்தாறு வயதான தன் காரைச் சின்ன மாப்பிள்ளையிடம் ஒப்படைத்தார். சாவியை மட்டும் தூக்கிக் கொடுத்துவிடவில்லை. நாற்பத்தோரு உருப்படிகள் கொண்ட பட்டியல் ஒன்று தயார் செய்திருந்தார். வைப்பர் இரண்டு, கண்ணாடி மூன்று, ஸ்டெப்னி ஒன்று என்று போய், பதினேழாவதாக இப்படி எழுதியிருந்தது: 'முன்பக்கம், இடது, தரைவிரிப்பு. சாம்பல் நிறம். குறை இல்லை.'

கண்ணாடிக்காரர் நாற்பத்தோரு இடத்திலும் கையெழுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகு தினமும் மாலை ஆறு மணிக்கு மாமனாரிடமிருந்து போன் வரும். போன ஞாயிறன்று வந்த போனில்தான் அவர் அந்தப் பேச்சை எடுத்தார்.

"மாப்பிள்ளை, அடுத்த ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு நாங்க வர்றோம். பட்டியலை வச்சு ஒரு தடவை பாத்துடுவேன். குடுத்த மாதிரியே இருந்தா வண்டி இனிமே உங்களுக்கே. இந்த முட்டியை வச்சுக்கிட்டு நான் கிளட்ச் மிதிக்க முடியாது."

"சரிங்க மாமா."

"குறை ஏதாவது இருந்தா அப்புறம் யோசிப்போம். பின்தெரு பேங்க்காரரும் கேட்டுக்கிட்டே இருக்காரு."

கண்ணாடிக்காரருக்கு அந்தக் கார் வேண்டியிருந்தது. பள்ளிக்கூடங்களுக்குக் கொண்டுபோகும் லென்ஸ் பெட்டியில் இருநூற்று அறுபது கண்ணாடிச் சில்லுகள் உண்டு. போன வருடம் அதைப் பேருந்தில் எடுத்துப் போனபோது, ஒரு திருப்பத்தில் பெட்டி திறந்துகொண்டது. சில்லுகள் இருக்கைகளுக்கு அடியில் உருண்டோடின. பயணிகள் எல்லோரும் இறங்கித் தேடிக் கொடுத்தார்கள். தேடும்போது பாதியை மிதித்தவர்களும் அவர்களேதான். ஓட்டுநர் ஒன்றைக் கண்டெடுத்துக் கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டு, "அட, இவ்வளவு நாளா ரோடு இப்படியா இருந்துச்சு?" என்று கேட்டார்.

ஆகவே கறை போக வேண்டும். ஞாயிறு நான்கு மணிக்குள்.

சோப்புத்தூள் பாக்கெட்டில் ஒரு கைப்பிடி போதும் என்று போட்டிருந்தது. கறை பெரியது என்பதால் அவர் நான்கு போட்டார். தேய்த்தார். நுரை வந்தது. நுரையைப் போக்கத் தண்ணீர் ஊற்றினார். தண்ணீர் பட்டதும் இன்னும் நுரை வந்தது. ஆறாவது வாளியோடு நிறுத்தினார். நுரை நிற்கவில்லை, தண்ணீர்த் தொட்டி காலியாகிவிட்டது.

நுரை அடங்கியதும் குனிந்து பார்த்தார். கறை அப்படியே இருந்தது. ஆனால் அதைச் சுற்றித் தேய்த்த இடமெல்லாம் பளிச்சென்று வெளுத்திருந்தது. இருபத்தாறு வருடமாகச் சாம்பல் நிறம் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த விரிப்பு, உண்மையில் இளநீலம்.

வேலைக்குப் புறப்பட்டு வந்த மனைவி எட்டிப் பார்த்தார்.

"நீல வட்டம், நடுவுல கறுப்பா ஒரு பொட்டு. கண்ணு மாதிரியே இருக்கு."

"அதுதான் என்னையே பாத்துக்கிட்டு இருக்கு."

"அப்பா சாம்பல்னுதானே எழுதியிருக்கார்?"

"நீலம் பிரச்சினையில்ல. நாலு பேர் கால் வச்சா நாலு நாள்ல சாம்பலாயிடும். கறைதான் போக மாட்டேங்குது."

மனைவி விரலால் தொட்டுப் பார்த்தார். "நேத்து விழுந்த கறை மாதிரியே இல்ல. என்னா பிடிவாதம்! எங்க அப்பா மாதிரி."

மாலை ஆறு மணிக்குப் போன் வந்தது.

"வண்டி எப்படி இருக்கு மாப்பிள்ளை?"

"நல்லா இருக்கு மாமா."

"கீழ விரிப்பெல்லாம்?"

"நல்லா இருக்கு மாமா."

மறுமுனையில் வெகுநேரம் சத்தமே இல்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்துக்கொண்டார்.

"நல்லாவா இருக்கு?" என்றார் மாமனார் கடைசியில்.

"ஆமாங்க மாமா."

"சரி. எதுக்கும் நல்லா வெளிச்சத்துல ஒரு தடவை பாத்துக்குங்க" என்று வைத்துவிட்டார்.

கண்ணாடிக்காரர் அன்று சரியாகச் சாப்பிடவில்லை. "உங்க அப்பாவுக்கு எப்படித்தான் தெரியுதோ. அங்கேருந்தே மோப்பம் பிடிக்கறார்" என்றார்.

வியாழக்கிழமை பள்ளிக்கூடம். வழியில் பேருந்து நிறுத்தத்தில் தலைமையாசிரியை நின்றிருந்தார். கண்ணாடிக்காரர் பார்க்காத மாதிரி போய்விடத்தான் நினைத்தார். ஆனால் பார்வையைச் சோதிக்கிறவர் பார்க்கவில்லை என்று யாரிடம் சொல்ல முடியும்? நிறுத்தினார். தலைமையாசிரியை ஏறி, கால்களை வசதியாக ஊன்றினார். காருக்கு அடியிலிருந்து யாரோ பெருமூச்சு விட்டது போல் ஒரு சத்தம் வந்தது.

இருபத்தாறு வருடத்துக்கு முன்பு கார் செய்தவர்கள் விரிப்புக்கு அடியில் கட்டைவிரல் தடிமனுக்குப் பஞ்சு வைத்திருந்தார்கள். ஆறு வாளித் தண்ணீரும் அந்தப் பஞ்சில் பத்திரமாக இருந்தது.

"சார், உங்க வண்டி மூச்சு விடுது."

"பழைய வண்டிங்க மேடம்."

ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டி மூச்சு விட்டது. மூச்சுக்கு ஒரு தடவை தலைமையாசிரியையின் செருப்பைச் சுற்றி வெள்ளையாக நுரை எழுந்தது. அவர் முதலில் கால்களைத் தூக்கிக்கொண்டார். பிறகு பையையும் தூக்கிக்கொண்டார். கடைசியில் இரண்டு முழங்கால்களையும் மோவாயருகே வைத்துக்கொண்டு, பதினைந்து நிமிடம் ஒரு வார்த்தையும் பேசாமல் வந்தார்.

பள்ளிக்கூட வாசலில் இறங்கி அலுவலக அறைவரை அவர் நடந்த வழியெல்லாம் நுரையில் கால்தடம் விழுந்தது. பிள்ளைகள் வரிசையாக நின்று பார்த்தார்கள்.

திரும்பிப் பார்த்த தலைமையாசிரியை, "இந்த வராண்டாவைக் கழுவணும்னு ரெண்டு வருஷமா சொல்லிக்கிட்டு இருக்கேன். இன்னைக்குப் பாதியை நானே கழுவிட்டேன்" என்றார்.

அன்று மாலைக்குள் நாற்றம் தொடங்கிவிட்டது. நனைந்த நாய் ஒன்று காருக்குள் குடித்தனம் வந்தது போலிருந்தது.

வெள்ளிக்கிழமை நல்ல வெயில். கண்ணாடிக்காரர் நான்கு கதவுகளையும் அகலத் திறந்து வைத்து, வீட்டுக்குள்ளிருந்து ஒயர் இழுத்து, மேசை விசிறியை முன்னிருக்கையில் வைத்து ஓடவிட்டுக் கடைக்குப் போனார். கதவு திறந்திருந்தால் அந்தக் காரில் உள்விளக்கு எரியும் என்பது பட்டியலில் இருபத்து மூன்றாவது உருப்படி. அதற்கும் கையெழுத்துப் போட்டிருந்தார். மாலையில் வந்து பார்த்தபோது பஞ்சு அப்படியே ஈரமாக இருந்தது. பேட்டரி மட்டும் நன்றாகக் காய்ந்திருந்தது.

தெருமுனையிலிருந்த மெக்கானிக் கடைவரை வண்டியைத் தள்ள வேண்டியிருந்தது. தனியாகத் தள்ளிக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து யாரோ கைகொடுத்தது மாதிரி வண்டி திடீரென்று லேசாகியது. திரும்பிப் பார்த்தார். பின்தெரு வங்கிக்காரர்.

"நான் தள்ளறேன் சார், நீங்க ஸ்டியரிங்கைப் பிடிங்க" என்றார் வங்கிக்காரர். தள்ளிக்கொண்டே ஒரு கையால் வண்டியின் முதுகைத் தடவிப் பார்த்தார். "நல்ல வண்டி. உங்க மாமா வச்சிருந்தவரைக்கும் ஒரு நாள் நின்னதில்ல."

கண்ணாடிக்காரர் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

வங்கிக்காரர் ஜன்னலில் தலையை விட்டு மூச்சை இழுத்தார். "உள்ள ஏதாவது வளக்கறீங்களா சார்?"

"கொஞ்சம் தண்ணி போயிடுச்சு."

"அவ்வளவுதானே? காபித்தூள் தூவி வைங்க. வாடையெல்லாம் இழுத்துக்கும். எங்க பேங்க்ல பழைய ஃபைல் அலமாரிக்குள்ள அப்படித்தான் வைப்போம்."

மனைவிக்கு இந்த யோசனை பிடிக்கவில்லை. "யார் சொன்னாங்க? வண்டி மேல கண்ணு வச்சிருக்கறவரா?"

"பாவம், வண்டி தள்ளினார். நல்ல மனசோடதான் சொன்னார்."

"காய்ஞ்ச அலமாரிக்குச் சொன்னார். ஈரத்துல காபித்தூள் போட்டா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா?"

யோசிக்கவில்லை. அதற்குள் அரைக்கிலோ தூவி முடித்திருந்தார்.

சனிக்கிழமை காலையில் கதவைத் திறந்ததும் அருமையான மணம் வந்தது. நாய் நாற்றம் போயிருந்தது. கண்ணாடிக்காரர் சிரித்துக்கொண்டே குனிந்தார். சிரிப்பு அப்படியே நின்றது. இரவெல்லாம் பஞ்சிலிருந்த ஈரத்தை இழுத்துக்கொண்ட தூள் கெட்டியான டிகாஷனாகி, இடப்பக்கம் முழுவதும் கருகருவென்று இறங்கியிருந்தது. பழைய கறையைக் காணவில்லை. கறை இல்லாத இடத்தையும் காணவில்லை.

"இப்ப ஒரே கலரா இருக்கு" என்றார் மனைவி. அவர் வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். சனிக்கிழமை அரைநாள்தான். "நான் வர்ற வரைக்கும் எதையும் தொடாதீங்க. கெஞ்சிக் கேக்கறேன்."

கண்ணாடிக்காரர் தலையாட்டினார். அவர் தலையாட்டும்போதெல்லாம் ஏதோ ஒன்றைச் செய்யத் தீர்மானித்துவிட்டார் என்று அர்த்தம். பதினோரு வருடத்தில் மனைவிக்கு அது தெரிந்திருந்தது. ஆனால் பேருந்துக்கு நேரமாகிவிட்டது.

இடப்பக்க விரிப்பு தனித் துண்டு. அதை எடுத்து வெளியே போட்டுத் துவைத்தால் என்ன? இருக்கையைக் கழற்ற நான்கு போல்ட். மூன்று கழன்றன. நான்காவது உடைந்தது. விரிப்பு கையோடு வந்தது. அடியிலிருந்த பஞ்சைப் பிய்த்துக் குப்பையில் போட்டார். பிறகு விரிப்பைத் தோளில் சுமந்துகொண்டு நேராகக் குளியலறைக்குப் போனார். அங்கே துணி துவைக்கும் இயந்திரம் இருந்தது.

விரிப்பு உள்ளே போக மறுத்தது. முழங்காலால் அழுத்தினார். மூடியைச் சாத்தி, அதன் மேல் ஏறி உட்கார்ந்து, பொத்தானை அழுத்தினார்.

முதல் பத்து நிமிடம் இயந்திரம் முனகியது. அப்புறம் குதித்தது. அப்புறம், மேலே அவரையும் சுமந்துகொண்டு, குளியலறையை விட்டு வெளியே வரப் புறப்பட்டது. வாசற்படிவரை வந்து, ஒயர் எட்டாமல், பிளக்கைப் பிடுங்கிக்கொண்டு நின்றது.

மதியம் மனைவி வீட்டுக்கு வந்தபோது இயந்திரம் வாசற்படியில் நின்றிருந்தது. கண்ணாடிக்காரர் தரையில் உட்கார்ந்திருந்தார். அவரைச் சுற்றி நூலும் நாருமாகக் குவிந்து கிடந்தது. விரிப்பின் முதுகிலிருந்த ரப்பர் பொடிப்பொடியாகிவிட்டது. உருப்படியாக வெளியே வந்தது ஒரே ஒரு துண்டுதான். கறை இருந்த துண்டு.

மனைவி கைப்பையைக் கீழே வைத்தார். சுவரில் சாய்ந்து அப்படியே சரிந்து உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

"சிரி, சிரி. நாளைக்கு உங்க அப்பா வந்து சிரிப்பார்."

"அப்பாவா? அவர் சிரிச்சு நான் பாத்ததில்ல. பேசாம உண்மையைச் சொல்லிடுங்க. டீ கொட்டிடுச்சுன்னு."

"டீ கொட்டினதைச் சொல்லிடலாம். அதுலேருந்து வாஷிங் மெஷின் வரைக்கும் எப்படி வந்தேன்னு கேட்டா என்ன சொல்றது?"

மனைவி மறுபடியும் சிரிக்கத் தொடங்கினார். கண்ணாடிக்காரர் சிரிக்கவில்லை. கறைத் துண்டைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கல்யாணம் ஆன நாள்லேருந்து பாக்கறேன். உங்க அப்பா என் மூஞ்சியைப் பாத்துப் பேசினதே இல்ல. தராசு முள்ளைப் பாக்கற மாதிரிதான் பாப்பார். எந்தப் பக்கம் சாயறேன்னு. வண்டி கிடக்கட்டும், பஸ்ல போயிக்கலாம். ஒரே ஒரு தடவை முள்ளு நேரா நிக்கணும்னு ஆசைப்பட்டேன்."

மனைவியின் சிரிப்பு நின்றது. இயந்திரத்துக்குள்ளிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

"நாளைக்குக் காலையில கடைகடையா ஏறி இறங்குவோம்" என்றார் மனைவி. "நானும் வர்றேன். இதே மாதிரி ஒண்ணு கிடைக்காமலா போயிடும்?"

கிடைக்காது போலத்தான் இருந்தது. ஞாயிறு என்பதால் பாதிக் கடைகள் மூடியிருந்தன. திறந்திருந்த முதல் கடையில் கறுப்பு மட்டும்தான் இருந்தது. இரண்டாவது கடையில் வண்டியின் பெயரைக் கேட்டதும், "அது இன்னும் ஓடுதா?" என்றார்கள். மூன்றாவது கடைக்காரர், விரிப்புக்குப் பதில் வண்டியை மாற்றுவது சுலபம் என்று உண்மையான அக்கறையோடு சொன்னார்.

நான்காவது, ஒரு சந்துக்குள் இருந்த சீட்கவர் கடை. வாயில் ஊசியைக் கடித்தபடி தைத்துக்கொண்டிருந்த சீட்கவர்க்காரர், கண்ணாடிக்காரர் நீட்டிய துண்டை வாங்கி முகர்ந்தார்.

"காபியா சார்?"

"அதுவும் இருக்கு."

"எந்த வண்டி?"

சொன்னார்கள்.

"எந்தப் பக்கம்?"

"முன்னால, இடது. சாம்பல் கலர் வேணும்."

சீட்கவர்க்காரர் எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில், கயிறு கட்டிச் சுருட்டிய ஒரு விரிப்பு இருந்தது. தூசியைத் தட்டிப் பிரித்துக் காட்டினார். சாம்பல் நிறம்.

"அதிர்ஷ்டக்காரங்க சார் நீங்க. யாரோ சொல்லி வச்சாங்கன்னு வெட்டினது. அப்புறம் வேண்டாம்னுட்டாங்க. சும்மாதான் கிடக்கு. நானே வந்து மாட்டிக் குடுத்துடறேன். சாப்பிட்டுட்டு மூணு மணிக்கு வந்தாப் போதுமா?"

"இப்பவே வாங்க. சாப்பாடு எங்க வீட்டுல" என்றார் மனைவி.

இருந்தாலும் அவர் வந்து சேர இரண்டரை ஆகிவிட்டது. விரிப்பைப் போட்டார். கத்தரியை எடுக்கவே வேண்டியிருக்கவில்லை. மூலைக்கு மூலை உட்கார்ந்துகொண்டது. உடைந்த போல்ட்டுக்கு வேறு ஒன்று தேடி எடுத்தார். முன்னிருக்கையை நிறுத்தி முடுக்கினார். ரப்பர் மேட்டை மேலே போட்டார். பஞ்சு போய்விட்டதால் நாற்றமும் போயிருந்தது.

"பின் சீட்டுல ஒரு தையல் விட்டிருக்கு. வந்ததோட அதையும் போட்டுடறேன்" என்று ஊசியோடு பின்னால் போய்க் குனிந்துகொண்டார்.

நான்கு மணிக்கு இரண்டு நிமிடம் இருந்தபோது வாசலில் டாக்ஸி வந்து நின்றது. மாமனாரும் மாமியாரும் இறங்கினார்கள். மாமனார் கையில் பட்டியல், டார்ச் விளக்கு, பென்சில் மூன்றும் தயாராக இருந்தன.

"காபி குடிச்சுட்டுப் பாக்கலாமே அப்பா" என்றார் கண்ணாடிக்காரரின் மனைவி.

"முதல்ல வேலை."

வைப்பரிலிருந்து ஆரம்பித்தார். ஒவ்வொன்றாகத் தொட்டு, அசைத்து, டிக் போட்டார். மாமியார் கைகளைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். பதினாறாவது டிக் விழுந்தது. மாமனார் பென்சிலை நிறுத்தினார்.

"கொஞ்சம் இப்படிப் பக்கத்துல வா" என்று மாமியாரை அழைத்தார். "நீயும் உன் கண்ணால பாத்துக்கோ. நாளைக்கு என்னைக் கேக்கக் கூடாது."

மாமியார் வந்தார். மாமனார் இடப்பக்கக் கதவைத் திறந்து, வலிக்கும் காலை வெளியே நீட்டி, கதவு விளிம்பில், படிக்கட்டில் உட்காருவது போல் மெல்ல உட்கார்ந்துகொண்டார். பிறகு ஒரு நாளும் இல்லாத கனிவோடு மாப்பிள்ளையை ஏறிட்டுப் பார்த்தார்.

"மாப்பிள்ளை, மனுஷன்னா கைத்தவறு வரும். நான் ஒண்ணும் சொல்லப் போறதில்ல. நீங்க மனசு சங்கடப்படக் கூடாது."

கண்ணாடிக்காரர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். மேட்டைத் தூக்குவதற்கு முன்பே எப்படித் தெரிந்தது?

மாமனார் மேட்டைத் தூக்கினார்.

பார்த்தார். டார்ச்சைப் போட்டுப் பார்த்தார். மேட்டை முழுவதுமாக எடுத்து வெளியே வைத்துவிட்டுப் பார்த்தார். மூக்கை அருகே கொண்டுபோய் முகர்ந்தார். எழுந்து நொண்டிக்கொண்டே ஓட்டுநர் பக்கம் போய், அங்கேயிருந்த மேட்டையும் தூக்கிப் பார்த்தார். திரும்ப வந்து இடப்பக்கத்தைப் பார்த்தார். விரிப்பு புதுச்சாம்பல் நிறத்தில், ஒரு பொட்டுக் குறையில்லாமல் கிடந்தது.

"என்னங்க, எல்லாம் நல்லாத்தானே இருக்கு? டிக் போடுங்க" என்றார் மாமியார்.

மாமனார் டிக் போடவில்லை. பென்சில் காகிதத்துக்கு மேலே அந்தரத்தில் நின்றது. முள் நேராகத்தான் நிற்கிறது, ஆனால் பார்க்கிறவர் ஏன் இப்படி முழிக்கிறார் என்று கண்ணாடிக்காரருக்குப் புரியவில்லை.

அப்போது பின்னிருக்கையிலிருந்து ஊசியும் நூலுமாகத் தலையை நீட்டிய சீட்கவர்க்காரர், மாமனாரைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னார்:

"அட, நீங்களா சார்! நீங்க அளவு குடுத்து வெட்டச் சொன்ன துண்டுதான் சார் இது. 'இனிமே வேண்டாம்ப்பா, வீட்டம்மாவுக்குத் தெரியறதுக்கு முன்னாடி வண்டியை மாப்பிள்ளை தலையில கட்டியாச்சு, கறை இப்ப அவரோடது'ன்னு சொன்னீங்களே, அந்த மாப்பிள்ளை இவர்தானா?"

கார் இப்போதும் கண்ணாடிக்காரரிடம்தான் இருக்கிறது. துணி துவைக்கும் இயந்திரத்தை மாற்ற வேண்டியதாயிற்று. மனைவி அதே பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறார். வங்கிக்காரர் வேறு ஒரு வண்டி வாங்கிக்கொண்டார். மாமியார் இரண்டு மாதம் மூத்த மகள் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தார். மாமனாரின் முழங்கால் குணமாகிவிட்டது. அந்தக் கறை எதனால் வந்தது என்று மட்டும் அவர் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.